மூன்றாம் சரணத்துக்கு முன்

மேலே ஆறு டெசிபல் இடம் விட்டு அனுப்பு பேச்சி, முட்ட முட்ட நிரப்பிக் கொண்டுவந்தா நான் எங்க கை வைக்கிறது என்று ஹமீது அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் நான் அதை நோட்டில் எழுதிக்கொள்வேன், ஏற்கெனவே எழுதியிருப்பது தெரிந்தும். கலவை முடிந்த பாட்டுக்குக் கடைசி மெருகு போட்டு வெளியே அனுப்புகிறவர் அவர். மாஸ்டரிங் ஆனபிறகு பாட்டு நம்முடையது இல்லை, கல்யாணம் முடிந்த பெண் மாதிரி என்பார், அந்த உவமையை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை. லிமிட்டரைக் கழற்று. முன்னால் இரண்டு விநாடி மௌனம் விடு. வால் பகுதியை வெட்டாதே, அது தானாக அடங்கட்டும். ஃபைலுக்கு ஃபைனல் என்று பேர் வைக்காதே. இன்று நான்கு மணிக்குள் வர வேண்டும், நாளைக் காலை அவர் ஊருக்குக் கிளம்புகிறார், வர இருபது நாள் ஆகும். இப்போது மணி பன்னிரண்டே முக்கால். லிமிட்டரைக் கழற்றிவிட்டேன். இரண்டு மாதமாகச் சத்தத்தைத் தலையில் கைவைத்து அழுத்திக்கொண்டிருந்த அந்தக் கை போனதும் பாட்டு சட்டென்று சிறுத்துவிட்டது, திருவிழாவுக்கு உடுத்தியதை எல்லாம் அவிழ்த்துவிட்டு வீட்டுப் பாவாடையில் வந்து நிற்கிற பிள்ளை மாதிரி. எப்போதும் இந்த இடத்தில் எனக்குப் பயம் வரும், இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்று. கீழே மாவு மில்லில் காலையில் மிளகாய் அரைத்தார்கள். காரம் இன்னும் மாடிப்படி ஏறி வந்து கதவிடுக்கில் நுழைகிறது. சாலிக்கிராமத்தில் இந்த ஓர் அறைதான் எனக்குக் கட்டுப்படியானது, மில்லுக்கு மேலே என்பதால். புனிதா அக்கா மதியம் ஒன்றரைக்கு மோட்டாரை நிறுத்துவாள், மூன்று மணிக்குத் திரும்பப் போடுவாள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் என் ரெக்கார்டிங் நேரம். மற்ற நேரமெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வெட்டுவது ஒட்டுவது. மிளகாய் நாளில் ஒரு வசதி, கண்ணில் தண்ணீர் வந்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒவ்வொரு டிராக்காகத் தனியாகக் கேட்க வேண்டும், கரகரப்பு இருக்கிறதா, நாற்காலி சத்தம் இருக்கிறதா என்று. பிரதீஷ் குரல், சுத்தம். நல்ல பையன், நன்றாகப் பாடியிருக்கிறான், சுருதி நூல் பிடித்த மாதிரி இருக்கிறது, அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன், சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்றும் நினைக்கிறேன். பேஸ், சுத்தம். கஞ்சிரா, சுத்தம். அடுத்தது கிட்டார். என் கிட்டார். கல்லூரி ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்காவிடம் கற்ற ஆறேழு விரல்பிடி, அதை வைத்தே நான் போட்ட மெட்டு. மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கிட்டாரை மட்டும் திறந்து, சத்தத்தைக் கூட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன். கம்பி, விரல் வழுக்கும் சத்தம், கம்பி. அதற்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குளித்துக்கொண்டே பாடுகிற மாதிரி, ஜெபா. ஹெட்போனைக் கழற்றிப் போட்டேன். கீழே மோட்டார். திரும்ப மாட்டினேன். ஜெபாதான், பிரதீஷுக்கு முன் இதைப் பாடியவன். சொல் புரியவில்லை, ஆனால் சொல் எனக்குத் தெரியும், நான் எழுதியது. எப்படி மறந்தேன். இரண்டு பேரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் பதிவு செய்ததுதானே அது, அவனுக்கு ஒரு மைக், என் கிட்டாருக்கு ஒரு மைக், கிட்டாருக்கு வைத்த மைக் கிட்டாரை மட்டுமா கேட்கும். அவன் டிராக்கை அழித்தேன், எதிரொலிகளை அழித்தேன், ஒத்திகைகளை அழித்தேன், போன வியாழக்கிழமை அவனுக்குச் செய்தியும் அனுப்பினேன், எடுத்துட்டேன் ஜெபா, ஒரு எழுத்துகூட இல்ல என்று. அனுப்பியபோது அது பொய் இல்லை. இப்போது பொய். எப்போதிலிருந்து ஒரு வாக்கியம் பொய்யாகிறது, சொன்ன நேரத்திலிருந்தா, தெரிந்த நேரத்திலிருந்தா.

அவன் கேட்டது ஒன்றுதான். வேறொரு பெண்ணோடு அவனுக்கு நிச்சயம் முடிந்து நான்காம் நாள் போன் பண்ணினான், குரல் தணிந்திருந்தது, பக்கத்தில் யாரோ இருந்திருப்பார்கள். பேச்சி, அந்தப் பாட்டுல என் குரல் வேண்டாம், வேற யாரையாவது வெச்சுப் பாடிக்கோ. நல்லாத்தானே பாடியிருக்க என்றேன், முட்டாள் மாதிரி, இன்ஜினியர் மாதிரி. நல்லாப் பாடினதுதான் பிரச்சின, நாளைக்கு அவ கேப்பா, இத யாருக்குப் பாடினீயன்னு, பொய் சொல்லணும், எனக்குப் பொய் வராதுன்னு ஒனக்குத் தெரியும்லா என்றான். தெரியும். எனக்கும் வராது. அதனால்தானே மூன்று வருடம் வீட்டில் ஒன்றுமே சொல்லாமல் இருந்தேன், சொல்லாமல் இருப்பது பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டு. முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் என்னிடம் இருக்கிறது, இந்தக் குடும்பத்தில் இவருக்கு முன் பட்டதாரி எவரும் இல்லை என்று அரசாங்கமே சீல் வைத்துக் கொடுத்தது. அதை வாங்கப் போன அன்று அருப்புக்கோட்டைத் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் சித்தப்பா அப்பாவிடம் சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது, மூத்தது என்ன செய்யுதுன்னு பாத்துத்தாண்ணே மத்ததுகள அனுப்பணும். மற்றதுகள் என்றால் என் தங்கை காளீஸ்வரி, சித்தப்பாவின் இரண்டு பெண்கள். மூன்று பேர். நான் சாயர்புரத்து ஜெபசிங்கைக் கட்டிக்கொள்கிறேன் என்று வாயைத் திறந்தால் அடுத்த நாள் மூன்று பேருடைய புத்தகப்பையும் பரணுக்குப் போகும், பாத்தியா, படிக்க வெச்சா இப்படித்தான் என்று ஒரு தெருவே சொல்லும். காளீஸ்வரி நர்சிங் முடிக்கட்டும் ஜெபா, அடுத்த தைக்குச் சொல்லிடறேன். அடுத்த தைக்கு. அடுத்த தைக்கு. தாம்பரம் ஸ்டேஷனில் மூன்றாவது நடைமேடையில் கடைசியாக அவன் சொன்னது, கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஏட்டி, உங்க ஊர்ல தை மாசமே கெடையாதா? நானும் சிரித்தேன். பிறகு ரயில் வந்தது. காளீஸ்வரிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

சின்ன சத்தம்தான் என்று நினைக்கிறேன். எல்லா வாத்தியத்தையும் திறந்துவைத்தால் கேட்கவே இல்லை. பிரதீஷ் அதற்கு மேலேயே பாடுகிறான், அதே வார்த்தை, அதே இடம், மூடிவிடுகிறது. யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பிரதீஷுக்கும் ஒரு நாள் தெரிந்தது, பாடிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு, அக்கா, ஹெட்போன்ல யாரோ கூடப் பாடற மாதிரி இருக்கே, பேய் கீய் இருக்கா ஒங்க ஸ்டுடியோல என்றான். மில்லுச் சத்தமா இருக்கும், பாடு என்றேன். மில் அப்போது நின்றிருந்தது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது எனக்கு. இல்லை, அன்றைக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன், இரண்டும் ஒன்றா வேறா, பரீட்சையில் கேட்டால் எதை எழுதுவேன். சரி, இருக்கட்டும் என்று விட்டால் என்ன. மூன்றே முக்கால் நிமிடப் பாட்டில் கிட்டாருக்கு அடியில், கஞ்சிராவுக்கு அடியில், தரைக்குக் கீழே ஓடும் தண்ணீர் மாதிரி அவன் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெண் கேட்டாலும் அவளுக்கு அது பிரதீஷ். கேட்கிறவர்களுக்கெல்லாம் பிரதீஷ், எனக்கு மட்டும். ஆனால் ஹமீது அண்ணன் கையில் போனால் சின்னது பெரிதாகும். அதுதான் அவர் வேலையே, பெரியதைத் தட்டிச் சின்னதைத் தூக்குவது. போன வருடம் ஒரு பாட்டில் நான் கவனிக்காத வாட்ச் முள் சத்தத்தை அவர் தூக்கியபிறகு ஊரே கேட்டது. ஜெபாவைத் தூக்கிவிடுவார். முக்கியமாக அந்த இடத்தில், மூன்றாம் சரணத்துக்கு முன், அங்கே வாத்தியம் ஒன்றும் கிடையாது, எல்லாம் நின்றுவிடும், அங்கே இருப்பது அவன் மூச்சு. அதைத் தேடிப் போனேன். போகக்கூடாது என்று தெரிந்தே போனேன். இரண்டு நிமிடம் நாற்பத்தொன்று. கம்பி அடங்குகிறது, அடங்குகிறது, பிறகு அவன் மூச்சு, மற்ற எல்லா இடத்தையும்விடப் பக்கத்தில், என் முழங்கால் அருகில், ஏனென்றால் அந்த இடத்தில் அவன் தன் மைக்கை விட்டு என் பக்கம் திரும்புவான். எனக்கு மெட்ரோனோம் ஆகாது, அந்த டிக் டிக் காதில் விழுந்தால் கணக்குப் பரீட்சை மணி அடிக்கிற மாதிரி விரல் விறைத்துக்கொள்ளும். அந்தச் சனியன அணைச்சுப் போடு, நான் மூச்சு எடுப்பேன்லா, அதப் பாத்து வா என்றான். பாத்து வருவதா, மூச்சைப் பார்க்க முடியுமா என்றேன். என்னைப் பாரு என்றான்.

மழ விட்ட பொறவும் சொட்டுது வேம்பு, கொடையச் சுருட்ட மனசில்ல. அதுதான் மூன்றாம் சரணத்தின் முதல் அடி. மழை விட்டும் தூவானம் விடலன்னு நம்மூர்ல பழமொழியே இருக்கு, நீ காப்பி அடிச்சிட்ட என்று ஒரு வாரம் ஓட்டினான். காப்பி இல்லை, என் பழமொழியில் குடை இருக்கிறது என்றேன். குடை வெச்சிருக்கவதான் நீ, நனையவே மாட்ட என்றான். அன்றைக்கு அது வெறும் கிண்டல்.

மோட்டார் நின்றுவிட்டது. ஒன்றரை. இந்த நிசப்தம் எப்போதும் காதை அடைக்கிற மாதிரிதான் வரும், பஸ் மலையிலிருந்து இறங்கினதும் வருகிற மாதிரி. ஃபேனை அணைத்தேன். மே மாதம், நிமிடத்தில் முதுகு நனைகிறது. செய்ய வேண்டியது தெரியும், அரை மணி நேரமாகத் தெரியும், கிட்டாரைத் திரும்ப வாசிக்க வேண்டும், அவன் இல்லாமல், இந்த அறையில், இதே மைக்கில். பிரதீஷ் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும். பாட்டுக்காக இல்லை. வியாழக்கிழமை சொன்ன வாக்கியத்துக்காக. படியில் செருப்புச் சத்தம், புனிதா அக்கா கதவைத் தட்டாமல் தலையை மட்டும் நீட்டினாள், புருவத்தில் மிளகாய்ப் பொடி, ஏ பேச்சி, அவிச்ச கடலை இருக்கு, திங்கிறியா? வேண்டாம்க்கா, பதிவு போடணும். ஒத்தையிலயா, அந்த உசரமான தம்பி எங்க, வர்றதே இல்ல? ஊருக்குப் போயிட்டாருக்கா. எப்ப வருவாரு? கம்பியை முறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். கண்ணு செவந்திருக்கே என்றாள். மிளகாய்க்கா என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். இன்னைக்குக் காலையில மட்டுந்தான் மிளகா, பதினோரு மணியிலிருந்து மல்லி என்றாள். பிறகு கடலைப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, மூணேகாலுக்குப் போடுறேன் மோட்டார, கால் மணி சேத்து எடுத்துக்க என்று இறங்கிப் போனாள்.

முதல் தடவை தப்பு, விரல் வழுக்கியது, வியர்வை. இரண்டாவது தடவை பல்லவியும் முதல் இரண்டு சரணமும் சரியாக வந்தன, அவன் குரல் இல்லாமல் வாசிக்க முடியும் என்று தெரிந்ததில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது, அந்தச் சந்தோஷம் வந்ததற்காக உடனே ஒரு வலி. இரண்டு நிமிடம் நாற்பத்தொன்று. இந்த இடத்தில் நான் யோசித்து வைத்திருந்தேன், இனிமேல் இடைவெளி எதற்கு, கம்பி அடங்கக் காத்திருக்காமல் அப்படியே மூன்றாம் சரணத்துக்குள் போய்விடலாம், பிரதீஷ் குரலை இரண்டு விநாடி முன்னால் இழுத்து வைத்துவிட்டால் போதும், கணினியில் அது ஒரு இழுப்புத்தான். பிரதீஷேகூடக் கேட்டானே, எதுக்குக்கா இங்க நிக்கணும், பாட்டு நின்னுபோன மாதிரி இருக்கு. நின்னா நல்லாயிருக்கும், பொறு என்றேன் அவனிடம். பொறு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். போய்விடலாம் என்று விரலை எடுத்தேன். விரல் நின்றது. நான் நிறுத்தவில்லை. கை தானாகக் கம்பிக்கு மேலே ஓர் அங்குலத்தில் நின்றுகொண்டு, தலை தானாக நிமிர்ந்து எதிர் நாற்காலியைப் பார்த்தது. நாற்காலியில் நான் கழற்றிப்போட்ட துப்பட்டா. ஹெட்போனில் பிரதீஷ் தன் நேரத்துக்குச் சரியாகத் தொடங்கினான், மழ விட்ட பொறவும், நான் தவறவிட்டேன். மூன்றாவது தடவை எதிர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டு வாசித்தேன், நிற்காமல் போகப் பார்த்தேன், கை அந்த இடத்தில் ஓட்டைப் பலகையில் கால் வைத்த மாதிரி தடுமாறியது. நான்காவது தடவை போராடவில்லை. கம்பி அடங்கியது. காத்திருந்தேன். அவன் மூச்சு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும், மெட்ரோனோம் வேண்டாம். இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் அதிகம். மூன்று வருடம் அவன் எனக்காகக் காத்திருந்தான், நான் அவனுக்காகக் காத்திருந்தது மொத்தத்தில் இவ்வளவுதான். மூச்சு முடிந்தது, வாசித்தேன், கடைசிவரை போனேன், வால் தானாக அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மணி இரண்டு ஐம்பது.

புதிய கிட்டாரைத் தனியாகக் கேட்டேன், சத்தத்தைக் கூட்டி, மூன்று முறை. கம்பி, விரல், கம்பி. பின்னால் ஒன்றும் இல்லை. தெருவில் ஒரு காகம், அதையும் எடுத்துவிட்டேன். பழைய கிட்டாரைத் தேர்ந்தெடுத்து நீக்கு என்றதும் கணினி கேட்டது, பட்டியலிலிருந்து மட்டும் நீக்கவா, வட்டிலிருந்தே அழிக்கவா, அழித்தால் மீட்க முடியாது. அவன் கேட்டது பாட்டில் இருக்க வேண்டாம் என்றுதான், என் வட்டில் இருக்க வேண்டாம் என்று கேட்கவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு உடனே தோன்றியது, இவ்வளவு வேகமாகத் தோன்றுகிற வித்தியாசங்களை நம்பக்கூடாது என்றும் தோன்றியது. வைத்திருந்தால் நான் கேட்பேன். அவன் குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்றும் கேட்பேன். தாம்பரத்தில் ரயில் வந்தபோது அவன் ஏறியபிறகும் நான் நடைமேடையில் நின்றிருந்தேன், ரயில் போனபிறகும் நின்றிருந்தேன், தண்ணீர் பாட்டில் விற்கிற அம்மா, எந்த வண்டிக்குத் தாயி என்று கேட்கும்வரை நின்றிருந்தேன். ஒரே ஒரு தடவை இரண்டு நிமிடம் நாற்பத்தொன்றுக்குப் போய்விட்டு வரலாமா. போகவில்லை. அழி என்பதை அழுத்தினேன். நீலப்பட்டை நிறையவே இல்லை, உடனே முடிந்துவிட்டது, ஒரு பெரிய வேலைக்கு உரிய நேரத்தைக்கூட அது எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே ஆறு டெசிபல் இடம். முன்னால் இரண்டு விநாடி. வால் முழுதாக. ஃபைல் பெயரில் பாட்டின் பெயர், தேதி, என் பெயர். மூன்று தடவை சரிபார்த்தேன், நான்காவது தடவையும் பார்த்தேன். மூன்றேகாலுக்கு மோட்டார் போட்டாள், தரை அதிரத் தொடங்கியபோது ஃபைல் ஏறிக்கொண்டிருந்தது, எழுபது சதவீதம், எண்பது. அந்த நேரத்தில் ஜெபாவுக்கு எழுதினேன். வியாழக்கிழமை சொன்னது தப்பு. கிட்டார் மைக்கில் நீ இருந்தாய். இன்றைக்குத்தான் எடுத்தேன். இப்போது இல்லை. அனுப்புவதற்கு முன் நீ இருந்தாய் என்பதை உன் குரல் இருந்தது என்று மாற்றினேன். இரண்டு கோடு வந்தது. நீலமானது. எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கடலையைப் பிரித்தேன், ஆறிவிட்டிருந்தது, தின்றேன்.

நான்கே காலுக்கு ஹமீது அண்ணன் போன். பேச்சிம்மா, ஃபைல் வந்துருச்சு, நல்லாருக்கு, இடமெல்லாம் அழகா விட்டிருக்க, ஆனா ஒண்ணு கேக்கணும். எதையோ விட்டுவிட்டேன், காகமா. சொல்லுங்கண்ணே. மூணாவது சரணத்துக்கு முன்னாடி ரெண்டு செகண்டு ஒண்ணுமே இல்லியே, எடிட்டிங்ல எதுவும் விழுந்துபோச்சா? இல்லண்ணே. தெரியாம வெட்டிட்டியோன்னு பாத்தேன், சேத்து ஒட்டிரவா, ஒரு நிமிஷ வேல. கீழே மல்லி வாசனை. வேண்டாம்ணே, அது அப்படித்தான். அவர் மறுபடி ஓட்டிப் பார்த்தார், போனுக்குள் தூரத்தில் என் கிட்டார் அடங்குவது கேட்டது. கேட்டதும் என் தலை நிமிர்ந்தது. எவ்வளவு தூக்கினாலும் ஒண்ணும் கேக்கலம்மா, ரொம்பச் சுத்தமா இருக்கு என்றார். ஆமாண்ணே என்றேன், சுத்தமா இருக்கு. சரி, அப்ப அப்படியே விட்டுடறேன் என்றார் அவர்.